தேயிலைப் பொதியும் மாச்சாக்கும்

வலப்பனையிலிருந்து ராகலைக்கு ஏறும் பாதையில், ஒரு வளைவுக்கு அப்பால், பழைய இரும்பு வாங்கும் வியாபாரி ஒருவரின் சிறிய லொறி நின்றுகொண்டிருந்தது. நான் பயணம் செய்த பஸ் ஏதோ கோளாறு காரணமாக அங்கே கால் மணி நேரம் தரித்து நின்றதால், இறங்கி அந்த லொறியின் பின்புறத்தை எட்டிப் பார்த்தேன். அரை நூற்றாண்டு காலம் பத்திரிகையில் குப்பை கொட்டியவனுக்குப் பிறர் குப்பையைக் கிளறும் வழக்கம் எளிதில் போய்விடாது. நெளிந்த அலுமினியக் கேத்தல்கள், துருவேறிய தகரக் கூரைத் துண்டுகள், அடிப்பாகம் கழன்ற பால்மா டின்கள், கொழுந்து நிறுக்கும் தராசு ஒன்றின் கொக்கி ஆகியவை கிடந்தன. அவற்றின் நடுவே ஒரு பித்தளைக் கொத்து இருந்தது. அரிசி அளக்கும் பழைய கொத்து. விளிம்பில் அரச முத்திரை குத்திய அடையாளம் தேய்ந்துபோய்த் தெரிந்தது.

"இது என்ன விலை?" என்று கேட்டேன்.

"நெறைக்குத்தான் ஐயா வெல. பித்தள எல்லாம் ஒரே வெலதான்" என்றார் அவர்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவருடைய தொழில் அது. தோட்ட மக்களின் வாழ்க்கையைத் தீர்மானித்த ஒரு பொருளுக்கு நிறையைத் தவிர வேறு மதிப்பு இல்லை என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாம்தான். நிறைக்குரிய விலையைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். வீட்டிலே ஏற்கனவே பழைய பொருள்கள் மிகுந்துவிட்டன என்று எனக்குக் கிடைத்த திட்டு வேறு விஷயம்.

அந்தக் கொத்தை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான், கண்டி ஹந்தானையில் உள்ள இலங்கைத் தேயிலை அருங்காட்சியகத்தில் முன்பொரு முறை கண்ட இன்னொரு பொருள் நினைவுக்கு வந்தது. 1925ஆம் ஆண்டு கட்டப்பட்ட பழைய தேயிலைத் தொழிற்சாலையே 2001ஆம் ஆண்டு அருங்காட்சியகமாக மாற்றப்பட்டது. இராட்சத உருளைகள், உலர்த்தும் இயந்திரங்கள், 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் முதன்முதலாகத் தேயிலையை வர்த்தகப் பயிராகச் செய்த ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருள்கள் எல்லாம் அங்கே ஒழுங்காக வைக்கப்பட்டுள்ளன. அவற்றிடையே 1944ஆம் ஆண்டுத் தேயிலைப் பொதி ஒன்றும் உள்ளது. எஞ்சியிருக்கும் இலங்கைத் தேயிலைப் பொதிகளில் மிகப் பழையதாக அது கருதப்படுகிறது. கண்ணாடிக்குப் பின்னால், வெளிச்சம் படாமல், தூசு படாமல் அதைப் பேணுகிறார்கள். நல்ல காரியம். நான் அதைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை.

ஆனால் ஒரு கேள்வி அன்றும் எழுந்தது, இன்றும் எழுகிறது. 1944ஆம் ஆண்டில் அந்தப் பொதிக்குள் இருக்கும் தேயிலைக் கொழுந்தைப் பறித்த பெண் அன்று காலை எதை உண்டுவிட்டு மலைக்கு ஏறினாள்? அவள் உண்ட உணவு எந்தச் சாக்கில் வந்தது? அந்தச் சாக்கு எங்கே?

இக்கேள்விக்கு விடை தெரியாமலில்லை. விடையைக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்க எவரும் முன்வரவில்லை என்பதே என் மனக்குறை.

முதலில் அரிசிக்கு வருவோம். தமிழகத்தின் வரண்ட மாவட்டங்களிலிருந்து கோப்பிக் காலத்தில் நம் மூதாதையர் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வழியாக மலைக்கு நடந்து வந்தபோது, அவர்களுக்குக் கூறப்பட்ட முதல் ஆசை வார்த்தை அரிசிதான். தேங்காயும் மாசியும் தேயிலைச் செடியின் அடியிலே கிடைக்கும் என்ற கதையெல்லாம் அதற்கு அடுத்தது. சம்பளத்தின் ஒரு பகுதியை அரிசியாகவே தோட்டம் கொடுத்தது. பிறகு அந்த அரிசியின் விலையைச் சம்பளத்தில் கழித்தது. தோட்டத்து அரிசிக் களஞ்சியத்திற்கும் பெரிய கங்காணியின் கடைக்கும் இடையே தொழிலாளியின் மாதச் சம்பளம் பெரும்பாலும் கையில் படாமலே கரைந்துபோனது. கடன் தீராமல் தோட்டம் மாற முடியாது. அந்தக் கடனை எழுதிய சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். 1921ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றினால் துண்டு முறை ஒழிக்கப்பட்டது.

1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தைத் தொடர்ந்து மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் என நிர்ணயிக்கப்பட்டது. ஒரு புசல் அரிசியைத் தோட்டம் 4 ரூபா 80 சதத்துக்கு மேற்படாத விலையில் வழங்க வேண்டும் என்றும் வகுக்கப்பட்டது. ஒரு புசலுக்கு 32 கொத்து. ஆகவே ஒரு கொத்து 15 சதம். கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாள் முழுவதும் மலையில் நின்று கொழுந்தெடுத்த பெண்ணின் கூலி மூன்று கொத்து அரிசிக்கு இரண்டு சதம் குறைவு. என் மேசையில் இருக்கும் பித்தளைக் கொத்தினால் அவளுடைய ஒரு நாளை அளந்து கொட்டினால் மூன்றாவது கொத்து தலைதட்டி நிறையாது. சட்டப் புத்தகத்தில் எத்தனை முறை படித்திருந்தாலும், அந்தக் கொத்தைக் கையில் பிடித்தபோதுதான் அந்த எண்கள் எனக்கு விளங்கின. அருங்காட்சியகம் என்ற ஒன்று ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவே.

அந்த அரிசியும் உள்ளூர் அரிசியன்று. பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் மூட்டை மூட்டையாகக் கப்பலில் வந்தது. எங்கள் பகுதிக்கு அது ரயிலில் ஏறி வந்த காலமும் உண்டு. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை ஓர் ஒடுக்கமான ரயில் பாதை 1904ஆம் ஆண்டு முதல் இயங்கியது. தண்டவாளங்களுக்கு இடையே இரண்டரை அடி மட்டுமே. தேயிலைப் பெட்டிகள் இறங்கின, அரிசி மூட்டைகள் ஏறின. 1940களில் அந்தப் பாதை மூடப்பட்டுத் தண்டவாளமும் கழற்றப்பட்டது. அதுவும் நிறைக்குத்தான் விற்கப்பட்டிருக்கும்.

1942ஆம் ஆண்டு ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். ரங்கூன் அரிசி நின்றது. இலங்கையில் உணவுப் பங்கீடு வந்தது. கூப்பன் வந்தது. அரிசியின் இடத்தைக் கோதுமை மா பிடித்துக்கொண்டது. கோதுமை ஒரு மணிகூட விளையாத நாட்டில், ஆஸ்திரேலியா போன்ற தூர தேசங்களிலிருந்து வந்த மாவைப் பிசைந்து, தட்டி, தகரத்தில் சுட்டுத் தின்னும் பழக்கம் அந்த யுத்தத்தோடு லயத்துக் காம்பராவுக்குள் வேரூன்றியது. காலை ரொட்டி, மலைக்குக் கட்டிக்கொண்டு போகவும் ரொட்டி, தொட்டுக்கொள்ளச் சம்பல், போத்தலில் சாயத்தண்ணி. ரொட்டி என்பது நம்முடைய ஆதி உணவு என்று இன்றைய இளைஞர்களில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நம்முடைய ஆதி உணவு கேழ்வரகும் கம்பும் சோளமும் அரிசிக் கஞ்சியும். ரொட்டி ஓர் உலக யுத்தத்தின் மிச்சம்.

இதே ஆண்டுகளில் பிரித்தானியாவிலும் பங்கீடு இருந்தது. அங்கே 1940 ஜூலை முதல் ஆளொருவருக்கு வாரத்திற்கு 2 அவுன்ஸ் தேயிலை. நம்முடைய தேயிலையை அந்நாட்டு உணவு அமைச்சு மொத்தமாகக் கொள்வனவு செய்து மக்களுக்கு அளந்து கொடுத்தது. அந்த நாட்டு அருங்காட்சியகங்களில் யுத்தகாலப் பங்கீட்டுப் புத்தகத்தையும் முட்டைப்பொடி டின்னையும் பெருமையோடு காட்டுகிறார்கள். பஞ்ச காலத்துப் பொருள்களைக் காட்டுவது அவர்களுக்கு அவமானமாகப் படவில்லை. நாங்கள் இதையும் சகித்து வாழ்ந்தோம் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். ஹந்தானையில் இருக்கும் 1944ஆம் ஆண்டுப் பொதிக்குப் பக்கத்தில் அதே ஆண்டின் லயத்துக் கூப்பன் ஒன்றை வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே வணிகத்தின் இரண்டு ரசீதுகள்.

பொதி செய்யும் கலையைப் பற்றியும் இங்கே சிறிது சொல்ல வேண்டும். தேயிலையை முத்திரையிட்ட பொதியில் விற்கும் முறையை 1826ஆம் ஆண்டு ஜோன் ஹோர்னிமன் தொடங்கியதற்குக் காரணம் கலப்படம். பிற இலைகளையும் சாயத்தையும் கலந்து வியாபாரிகள் ஏமாற்றிய காலத்தில், உள்ளே இருப்பது சுத்தமானது, நிறை சரியானது என்ற வாக்குறுதியாகவே பொதி பிறந்தது. 1890இல் இலங்கைக்கு வந்து ஊவாவில் தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், கிளாஸ்கோவில் பலசரக்கு வியாபாரியாக இருந்தவர். அவர் அந்த வாக்குறுதியைப் பெருவணிகமாக்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் குடுவைக்கு என்பது அவருடைய விளம்பர வாசகம். கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணொருத்தியின் படத்தை அவருடைய விளம்பரங்கள் உலகெங்கும் கொண்டு சென்றன. நமது பெண்களின் உருவம் நம் சரித்திர நூல்களில் இடம்பெறுவதற்கு வெகு காலம் முன்பே தகரடின்களில் இடம்பெற்றுவிட்டது.

நுகர்வோனுக்குச் சரியான நிறையை வாக்களித்த இதே தொழில், கொழுந்து நிறுக்கும் இடத்தில் என்ன செய்தது? கூடைக்கு இத்தனை, ஈரத்துக்கு இத்தனை, முற்றல் இலைக்கு இத்தனை என்று இறாத்தலை வெட்டியது. இறாத்தல் போய்க் கிலோ வந்த பின்னரும் அந்த முறைப்பாடு ஓயவில்லை. வலப்பனைப் பகுதியில் நான் பேசிய பெண்கள் எல்லோரும் தராசைப் பற்றிப் பேசும்போது ஒரே மாதிரி சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பைப் பொதியின் வெளிப்புறத்தில் எவரும் அச்சிட்டதில்லை. ஆகவேதான் லொறியில் கிடந்த தராசுக் கொக்கியையும் சேர்த்து வாங்காமல் வந்ததற்கு இப்போது வருந்துகிறேன்.

இனி மாச்சாக்கு.

நான் பாடசாலைக்குப் போன நாட்களில் என் சட்டைகளில் ஒன்று மாச்சாக்கினால் தைக்கப்பட்டது. வெள்ளைப் பருத்திச் சாக்கைச் சாம்பலும் சவர்க்காரமும் போட்டு அவித்து, கல்லில் அடித்து, எழுத்துகளைப் போக்குவது அம்மாவுக்கு ஒரு பெரிய வேலை. முழுவதும் போகாது. என் முதுகுப்புறத்தில் ஒன்றோடொன்று பற்றிக்கொண்ட இரு கைகளின் படம் மங்கலாகத் தெரிந்துகொண்டேயிருக்கும். அமெரிக்க மக்களின் அன்பளிப்பு என்பதற்கான சின்னம் அது என்பதை வெகு காலத்திற்குப் பின்னர், நிருபராக வேலை செய்யும்போதுதான் தெரிந்துகொண்டேன். 1954ஆம் ஆண்டு அமெரிக்கா இயற்றிய சட்டமொன்றின் கீழ் அந்நாட்டின் மிகைத் தானியம் ஆசியா எங்கும் அனுப்பப்பட்டது. பீ.எல். 480 என்று பத்திரிகைகளில் எழுதுவோம். அப்படி எழுதும்போதெல்லாம் எனக்கு முதுகில் ஒரு குறுகுறுப்பு உண்டாகும்.

தலையணை உறை, குழந்தைக்கு ஏணை, சுவாமிப் படத்துக்குத் திரை, மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ளும் கொங்காணி, கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கு என்று சாக்கு செய்யாத வேலை இல்லை. அதுபோலவே தேயிலைப் பெட்டியும். ஒட்டுப்பலகையால் செய்து உட்புறம் உலோகத்தாள் ஒட்டி, தோட்டத்தின் பெயரும் தரமும் அச்சுத்தகட்டினால் கறுப்பு மையில் பதிக்கப்பட்ட அந்தப் பெட்டிகள் இலண்டனுக்குப் போனது போக, உடைந்தவையும் கழிக்கப்பட்டவையும் லயத்துக்கு வந்தன. அரிசி வைக்க, துணி வைக்க, பிள்ளைகள் எழுதும் மேசையாக. தமிழ் அரிச்சுவடிக்கு முன்பே ஆங்கில எழுத்துகளை நான் பழகியது ஒரு பெட்டியின் பக்கத்திலிருந்த பீ.ஓ.பி. என்ற எழுத்துகளைப் பார்த்துத்தான். அந்த உயர்தரத் தூளை எங்கள் வீட்டில் எவரும் குடித்ததில்லை. எங்களுக்குக் கிடைத்தது கழிவுத் தூள். பின்னர் காகிதச் சாக்குகள் வந்தன, பெட்டிகள் மறைந்தன. மாச்சாக்கும் பருத்தியிலிருந்து நெகிழிக்கு மாறிற்று. திருகோணமலையில் பிறீமா ஆலை 1980இல் மா அரைக்கத் தொடங்கிய பின்னர் அதன் பெயர் பொறித்த சாக்குகளே மலையெங்கும் காணப்பட்டன.

பொருள்கள் இப்படி மாறிக்கொண்டிருக்கும்போது பசி மட்டும் ஒரு முறை எல்லை மீறியது. 1973, 1974ஆம் ஆண்டுகளை மலையகத்தில் அனுபவித்தவர்கள் அதைப் பற்றிப் பேசுவதை விரும்புவதில்லை. பங்கீடு குறைக்கப்பட்டது. மா விலை ஏறியது. அரிசியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்லத் தடை இருந்தது. அயலிலிருந்த சிங்களக் கிராமத்தவருக்குக் குரக்கனோ பலாவோ மரவள்ளியோ போடச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இருந்தது. வலப்பனையின் கீழ்ப் பகுதிகளில் வயலும் இருந்தது. லயத்தில் வாழ்ந்தவனுக்கு அடுப்படிக்கு வெளியே கால் வைத்தால் தோட்டத்துக் காணி. 1974இல் தோட்டப்புறத்தின் இறப்பு வீதம் நாட்டின் சராசரியைக் காட்டிலும் பெருமளவு உயர்ந்ததை அரச புள்ளிவிபரங்களே பதிவு செய்துள்ளன. அக்காலத்தில் செய்தி சேகரிக்கப் போன மூத்த சகாக்கள், காட்டுக் கிழங்கு தோண்டிய குழிகளைப் பற்றிக் கூறுவார்கள். அந்த 1973இல்தான் கெயார் நிறுவனத்தின் உதவியுடன் திரிபோஷா என்னும் சத்துமாத் திட்டம் நாட்டில் தொடங்கியது. கர்ப்பிணித் தாய்மாருக்கென்று கொடுக்கப்படும் அந்தப் பொதியை வீட்டிலுள்ள எல்லோரும் உருண்டை பிடித்துப் பகிர்ந்து தின்ற கதை இலங்கையில் எந்த ஏழை வீட்டிலும் கேட்கக் கிடைக்கும்.

2022ஆம் ஆண்டு ஜனவரியில், நாடு வங்குரோத்தாவதற்குச் சற்று முன்னர், அன்றைய அரசு நிவாரணம் ஒன்றை அறிவித்தது. தோட்டக் குடும்பங்களுக்கு மாதம் 15 கிலோ கோதுமை மா, கிலோ 80 ரூபா வீதம். அரச ஊழியருக்கும் ஓய்வூதியக்காரருக்கும் பணக் கொடுப்பனவு, தோட்டத்தவனுக்கு மா! 1942இல் ஏற்பட்ட ஒரு தற்காலிக ஏற்பாடு எண்பது ஆண்டுகளில் ஓர் இனத்தின் இயற்கைக் குணமாகிவிட்டதை நான் அன்று பத்திரிகையில் படித்தேன். அதே ஆண்டு இறுதிக்குள் மாவின் விலை பல மடங்கு உயர்ந்தது என்பதையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தோட்டத்தவர் மா தின்பவர்கள் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டில் வந்தது, எந்தக் கப்பலில் வந்தது என்று ஒரு சாக்கையும் ஒரு கூப்பனையும் வைத்துக் காட்டியிருந்தால், அந்த அறிவிப்பைத் தயாரித்தவர்களில் ஒருவராவது சற்றுத் தயங்கியிருக்கக்கூடும். தயங்காமலும் இருந்திருக்கலாம். ஆனால் நம் பிள்ளைகளுக்காவது கேள்வி கேட்கத் தெரிந்திருக்கும்.

என் கருத்துக்கு மறுப்பு இல்லாமலில்லை. வலப்பனையில் ஆசிரியராகப் பணிபுரியும் உறவினர் பையன் ஒருவன் என்னிடம் நேராகவே சொன்னான்: "மாமா, நாங்க படிச்சி வெளிய வந்து நாலு பேரு மாதிரி இருக்கப் பாக்குறோம். நீங்க சாக்க எடுத்து மாட்டப் பாக்குறீங்க. அத மத்தவங்க வந்து பாத்து என்ன சொல்லுவாங்க?" அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வறுமையை வேடிக்கைப் பொருளாக்கும் கண்காட்சிகளை நானும் கண்டிருக்கிறேன். கொழும்பிலும் ரொறன்ரோவிலும் 'தோட்டத்து ரொட்டி' என்று வாழையிலையில் வைத்து விற்கும் உணவகங்களில் அந்த ரொட்டியின் வரலாற்றைக் கேட்பவர் எவருமில்லை. உல்லாசப் பயணிகளுக்கு லயத்தைக் காட்டுவதும் ஒரு தொழிலாகிவிட்டது. ஆனாலும், ஒளித்து வைப்பதால் அவமானம் போய்விடுவதில்லை. அவமானம் யாருடையது என்பதைத்தான் ஒளித்து வைப்பது மறைக்கிறது. மூன்று கொத்துக்கு இரண்டு சதம் குறைவாகக் கூலி வாங்கியவள் வெட்கப்பட வேண்டுமா, கொடுத்தவன் வெட்கப்பட வேண்டுமா? அவனிடம் இதையே கேட்டேன். பதில் சொல்லாமல் தேத்தண்ணி வைக்கப் போய்விட்டான்.

எதுவுமே செய்யப்படவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. கம்பளைக்கு அருகே பீக்கொக் தோட்டத்தில், சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் முயற்சியால் 2007ஆம் ஆண்டு முதல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று இயங்குகிறது. பழைய லயக் காம்பராவையே அருங்காட்சியகமாக்கி, தொழிலாளரின் பாத்திரங்களையும் கருவிகளையும் ஆவணங்களையும் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்காத மலையகத்தவர் வெட்கப்பட வேண்டும். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மலையகம் 200 நடைபயணம் சென்றபோது வழியெங்கும் மக்கள் காட்டிய ஆர்வத்தையும் கண்டோம். மொரிசியஸ் தீவில் ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய ஆப்ரவாசி காட் 2006இல் உலக மரபுரிமைச் சின்னமாயிற்று. அங்கே பேணப்படும் இடிபாடுகளில் சமையற்கட்டும் ஒன்று என்பதைக் கவனியுங்கள். ஆனால் பீக்கொக் தோட்டம் ஒன்றேதான். உடப்புசல்லாவை, ஹைபொரஸ்ட், ராகலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை எனப் பரந்து கிடக்கும் ஒரு சமூகத்திற்கு ஒரு காம்பரா போதுமா? தேயிலையின் பெயரால் ஒவ்வோர் ஆண்டும் கோடிக்கணக்கில் விளம்பரத்துக்குச் செலவிடும் நாட்டில்?

பெரிய கட்டடம் வேண்டுமென்று நான் கேட்கவில்லை. ரொபேர்ட் ஓப்பி என்ற ஆங்கிலேயர் 1963ஆம் ஆண்டு, பதினாறு வயதில், ஸ்கொட்லாந்தில் ஒரு ரயில் நிலையத்தில் இனிப்புப் பொதி ஒன்றைத் தின்று முடித்தார். வெறும் உறையை வீச மனமில்லாமல் வைத்துக்கொண்டார். அதிலிருந்து வளர்ந்த சேகரிப்பே இன்று இலண்டனில் வணிகச் சின்னங்களுக்கான அருங்காட்சியகமாக நிற்கிறது. ஒரு பையனும் ஓர் உறையும் போதுமாக இருந்தது. வலப்பனைக் கல்வி வலயத்தில் எத்தனை தமிழ்ப் பாடசாலைகள்! ஒவ்வொன்றிலும் ஓர் அலுமாரி. பிள்ளைகள் தங்கள் வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவரட்டும். இரவல் என்று எழுதி வாங்குங்கள், தானமாக வாங்காதீர்கள். யாருடைய பொருள், எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எத்தனையாம் நம்பர் லயம், அதில் என்ன சமைத்தார்கள், எந்த ஆண்டு வரை பயன்படுத்தினார்கள் என்று பாட்டியிடம் கேட்டு எழுதட்டும். 'தொழிலாளி ஒருவரின் சட்டி' என்று பெயரில்லாமல் எழுதினால் லிப்டன் டின்னில் பெயரில்லாமல் நிற்கும் பெண்ணுக்குச் செய்த அதே அநியாயத்தை நாமும் செய்தவர்களாவோம்.

தாமதிக்கவும் முடியாது. 2007 ஜனவரியில் வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தையிலும் மண் சரிந்தபோது உயிர்களோடு வீடுகளும் போயின. வீடுகளுக்குள் இருந்த தகரப் பெட்டிகளையும் கடதாசிகளையும் எவரும் கணக்கெடுக்கவில்லை. சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கப்பலேறிப் போனவர்கள் ஒரு தகர டிரங்குப் பெட்டிக்குள் அடங்கியதை மட்டும் எடுத்துச் சென்றார்கள். கோத்தகிரியிலும் கூடலூரிலும் இன்று இதைப் படிக்கும் உறவுகள் தங்கள் வீட்டுப் பரணைக்கும் ஒரு முறை ஏறிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மிஞ்சியிருப்பவற்றுக்குப் பழைய இரும்பு லொறி வாரம் ஒரு முறை வருகிறது.

அன்று ராகலையில் இறங்கி, என் பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். தொண்ணூறை நெருங்குகிறார். மகன் கட்டிய புதிய வீட்டில் இருக்கிறார். கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பழைய மலிபன் பிஸ்கட் டின்னை எடுக்கச் சொன்னார். மூடியில் இருந்த பூக்கள் அழிந்து வெறும் தகரமாயிருந்தது. உள்ளே பெரியப்பாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழ், இரண்டு பிறப்புச் சாட்சிப் பத்திரம், சேவைக்காலப் பணம் வாங்கிய சீட்டு, அடியில் நான்காய் மடித்த அரிசிக் கூப்பன் புத்தகம். கிழித்தது போக இரண்டு தாள்கள் எஞ்சியிருந்தன.

"இத ஏன் பெரியம்மா இன்னும் வச்சிருக்கீங்க?" என்றேன்.

"ரெண்டு கூப்பன் வெட்டாம இருக்கு பாரு தம்பி. அந்த வாரம் சங்கக் கடயில அரிசி இல்லன்னு சொல்லிட்டாங்க. பொறவு வரச் சொன்னாங்க."

படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். எடுத்துக்கொள், ஆனால் டின்னை மாத்திரம் கொண்டு போகாதே என்றார்.